ஏழாவது வரி என்னால் வந்தது

முருகன் துணையால் வேலையை விட்டு ஓய்வுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது அஜக்ஸ் நகரில் மகனுடைய வீட்டில் இருக்கிறோம். காலையில் கும்பிட்டு, தேத்தண்ணி குடித்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால் பிறகு எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அப்படி இருந்த என்னைப் போன கிழமை வந்த ஒரு தொலைபேசி அழைப்பு பழைய மேசைக்கே கொண்டுபோய் இருத்திவிட்டது.

நான் கடைசியாக வேலை செய்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. என் இலக்கத்தை யாரிடமோ வாங்கியிருக்கிறாள்.

"அங்கிள், பெஞ்சுக்கு மேல ஒட்டியிருக்கிற பேப்பரில ஆறு வரி ரைப் பண்ணியிருக்கு. ஏழாவது மட்டும் கையால எழுதியிருக்கு. ‘கையுறையோடு நெற்றியைத் தொடக் கூடாது’ எண்டு. மூக்கைத் தொடலாமா? அப்ப நெற்றி மட்டும் என்ன செய்தது?"

அங்கே எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். அந்த மேசையையே இனி எடுக்கப் போகிறார்களாம். அங்கே செய்கிற டொக் என்கிற கணினிப் பெட்டி, புதிதாக வருவது முழுவதும் ஒட்டி மூடியதாம், கைபடுகிற இடமே இல்லையாம். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், மேசை போனால் அந்தத் தாளும் போய்விடும், தாள் போனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று பட்டது. படிப்புக் குறைந்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைக்கும்தான் படித்தேன். இங்கே வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் ஐந்து பேர். உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ரீவி திருத்துகிற கடை ஒன்றில் திருகாணி கழற்றப் பழகி, சோல்டர் பிடிக்கப் பழகி, ரீவியை ஒருவரும் திருத்தாத காலம் வந்தபோது ஸ்காபரோவில் இந்தச் சிறிய கொம்பனிக்கு வந்து சேர்ந்தேன். அதற்கிடையில் கலியாணம், இரண்டு பிள்ளைகள், டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் வீடு. இருபத்தைந்து வருடத்தை இவ்வளவுக்குள் சொல்லிவிடலாம் என்பது எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

அங்கே நாங்கள் செய்தது ஒரு டொக். லப்ரொப்பைத் தூக்கி வைக்கிற தட்டையான பெட்டி. முன்பக்கத்தில் ஒரு வாய் இருக்கும். அந்த வாய்க்குள் உள்ளங்கை அளவு மொடியூல் ஒன்றைச் செருக வேண்டும். நாங்கள் தமிழர் எங்களுக்குள் அதைக் ‘கசெற்’ என்றுதான் சொல்வோம், பார்க்கப் பழைய பாட்டுக் கசெற் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு கசெற்றிலும் ஒவ்வொரு ஒப்பரேட்டிங் சிஸ்டம். லப்ரொப்போடு கடையில் வந்ததை ஒன்றும் செய்யத் தேவையில்லை. லினக்ஸ் கசெற்றைச் செருகித் திறந்தால் அது லினக்ஸ் மெஷின். கழற்றிவிட்டுத் திறந்தால் பழையபடி. கசெற்றின் நுனியில் தங்கப் பூச்சுப் பூசிய சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். எல்லா உயிரும் அந்தக் கோடுகளில்தான்.

எங்கள் மேலாளர் மிஸ்டர் லாவ். ஹொங்கொங்கில் இருந்து வந்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை ஆயுதங்களை எடுத்த துணியிலேயே திரும்ப வைப்பார், எடுத்த திசைக்கே வைப்பார். ஒரு பிழை வந்தால் யார் செய்தது என்று கேட்கமாட்டார். "காட்டு" என்பார். ஒருதரம் காட்டினால் போதாது, மூன்று தரம் காட்ட வேண்டும். மூன்று தரமும் ஒரே மாதிரி வந்தால்தான் கொப்பியில் எழுதுவார்.

மேசைக்கு மேல் இருந்த ஆறு வரியும் அவர் எழுதியவை. கையுறை போடு. கசெற்றை இரண்டு பக்கமும் பிடித்துச் செருகு. மஞ்சள் விளக்கு பச்சையாகும்வரை ஒன்றையும் தொடாதே. திறந்து பார், முழுவதாக மூடு. விளக்கு அணைந்த பிறகு பத்து எண்ணிவிட்டு இழு. உடனே பைக்குள் போட்டு ஒட்டு. மற்றவர்கள் ஒன்று இரண்டு என்று எண்ணினார்கள். நான் ஐந்தெழுத்தை நிதானமாக இரண்டு தரம் சொல்லுவேன், பத்து சரியாக வரும். ஒவ்வொரு கசெற்றும் பாஸ் பண்ணி வெளியே வந்ததும் நெற்றியை ஒருதரம் தொட்டுக் கும்பிடுவேன். அது யோசித்துச் செய்வது இல்லை. மூச்சு விடுகிற மாதிரி.

என் பக்கத்து மேசையில் மரியதாஸ், எங்களுக்குத் தாஸ். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை, அப்போது நாற்பது வயதிருக்கும். அவர் கசெற்றில் சிஸ்டத்தை ஏற்றித் தருவார், நான் டொக்கில் போட்டுச் சோதித்துப் பொதி செய்வேன். என் நெற்றி வேலையைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் கசெற்றை ரெஸ்ற் பண்ணுறியளோ, அருச்சனை செய்யிறியளோ? எனக்கும் ஒருக்கால் நட்சத்திரம் சொல்லுங்கோவன்" என்று பகிடி விடுவார். நானும் அவர் சேர்ட்டுக்குள் போட்டிருந்த செபமாலையைக் காட்டி, அதை வயருக்குள் மாட்டிவிடாதையும் என்பேன்.

அவருக்கு அந்த வேலை பெரிய விஷயம். பத்து வருடமாக இரவு வேலை செய்துவிட்டு முதல்முறையாகக் கிடைத்த பகல் வேலை. மனைவி மதி பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. பிள்ளைக்கு மூன்று வயது. இருவரும் இரவு போனால் பிள்ளையைப் பக்கத்து வீடுகளில் மாறிமாறி விட வேண்டும், பிள்ளை விடியும்வரை அழுமாம். இவருக்குப் பகல் வேலை கிடைத்த நாளில் இருந்துதான் அது தன் கட்டிலில் படுக்கிறது. ஆனால் அவர் இன்னும் தவணைக் காலத்தில் இருந்தார், நிரந்தரமாக்கவில்லை.

எங்கள் டொக்கைப் பார்வையில்லாதவர்களும் வாங்கினார்கள். திரையில் இருப்பதை எல்லாம் வாசித்துச் சொல்லுகிற ஒரு சிஸ்டம் இருந்தது, கசெற்றைச் செருகினால் மெஷின் பேசும். அந்தக் கசெற்றுகளை ஏற்றிய பிறகு தாஸ் திரையை அணைத்துவிட்டு, தன் கண்ணையும் மூடிக்கொண்டு, விசைப்பலகையைத் தடவித் தடவிச் சோதிப்பார். அப்படிச் செய்யச் சொல்லி அந்த ஆறு வரியில் இல்லை. "அவையளுக்கு எப்பிடி இருக்குமெண்டு பாக்க வேணுமல்லோ" என்பார்.

தாஸ் சேர்ந்த அந்த வருடம் மார்கழியில் டொக்குகள் திரும்பி வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு ஐந்து. எல்லாவற்றுக்கும் ஒரே முறைப்பாடு, கசெற்றைச் செருகினால் சிஸ்டம் இல்லை என்று சொல்கிறது, சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை. பேசுகிற கசெற் வாங்கிய வயதான அம்மா ஒருவர் மிஸ்டர் லாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் ஒலிபெருக்கியில் போட்டார், நாங்களும் கேட்டோம். கண் தெரிந்தவர்களுக்குத் திரையில் பிழை என்று எழுத்தாவது வரும், எனக்கு ஒன்றுமே வரவில்லை, மெஷின் செத்ததா நான் செத்தேனா என்று தெரியாமல் அரை மணித்தியாலம் இருந்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தாஸ் முகம் கறுத்துப் போனார்.

திரும்பி வந்ததைத் தாஸ் எடுத்துத் திரும்பவும் சிஸ்டத்தை ஏற்றுவார். ஏற்றினால் வேலை செய்யும். மிஸ்டர் லாவ் மூன்று தரம் பார்ப்பார், மூன்று தரமும் சரி. அப்படியென்றால் முதலில் ஏற்றியதில்தான் பிழை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். மிஸ்டர் லாவ் என்னைத் தனியே கூப்பிட்டு, தாஸ் அவசரப்பட்டு வேலை செய்கிறவரா என்று கேட்டபோது, கதைத்துக்கொண்டு செய்வார்தான் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அவர் கண்ணை மூடிச் சோதிப்பதை நான் சொல்லவில்லை.

அந்த அம்மாவின் பெட்டி திருத்திப் போய், தைமாதம் திரும்பவும் வந்தது. அவர் கேட்டாரே என்று மேலதிகமாக வைத்து அனுப்பிய இரண்டாவது கசெற், முதல் தடவை போட்டபோதே பேசவில்லையாம். அது எங்கள் பழைய இருப்பில் இருந்து எடுத்தது. அன்று திங்கட்கிழமை. பின்னேரம் தாஸைக் கூப்பிட்டு, வெள்ளியோடு முடித்துக்கொள்ளலாம் என்று மிஸ்டர் லாவ் சொல்லிவிட்டார். தாஸ் மேசைக்கு வந்து, "சரி அண்ணை, இனி உங்களுக்கு அருச்சனைத் தொல்லை இல்லை" என்றார். அது பகிடி என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. இனித் தனக்குப் பழையபடி இரவு வேலைதான், மதி அன்றே பிள்ளையை விட ஆள் தேடத் தொடங்கிவிட்டாள் என்று அடுத்த நாள் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, திரும்பி வந்தவற்றின் பட்டியலைக் கணினியில் பதியும்படி மிஸ்டர் லாவ் என்னிடம் தந்தார். பதினொரு கசெற். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொதி செய்த திகதி. பதியும்போது ஒன்றும் தோன்றவில்லை. எல்லாம் ஒரே கிழமைக்குள் இருக்கிறதே என்று மட்டும் பார்த்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து, சதுர்த்தி எப்போது என்று பார்க்கக் குசினியில் தொங்கிய கோயில் கலண்டரை எடுத்தேன். தாள் முன்னுக்கும் பின்னுக்கும் புரண்டு பழைய வருடத்துக் கடைசி மாதங்களில் நின்றது, என் மனுசி அதைக் கழற்றாமல் புதியதோடு சேர்த்தே மாட்டியிருந்தாள். அங்கே அவள் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தாள். கந்தசஷ்டி விரதம்.

அந்த வட்டங்களும் பட்டியலில் இருந்த திகதிகளும் ஒன்று.

மற்ற நாட்களில் கொஞ்சமாகத் திருநீறு பூசுவேன், வேலைக்குப் போகும்போது பாதி உதிர்ந்திருக்கும். சஷ்டி ஆறு நாளும் அப்படி இல்லை, அந்த மேசையில் எனக்கு அது முதல் சஷ்டி. நீரில் குழைத்து மூன்று குறியாகப் பூசி, வேலைக்குப் போகிற வழியில் கோயிலில் இறங்கி, அங்கேயும் வாங்கி அதன்மேல் அள்ளிப் பூசுவேன். காய்ந்தால் தடிப்பாக நிற்கும், தொட்டால் உதிரும். கசெற் பாஸ் பண்ணியதும் நெற்றியைத் தொட்ட கையுறையால்தான் அதை எடுத்துப் பைக்குள் போட்டிருக்கிறேன். சோதித்த பிறகு தொட்டபடியால் சோதனையில் பிடிபடவில்லை. தாஸ் திரும்ப ஏற்றியபோது வேலை செய்ததும் ஏற்றியதால் அல்ல. நாலு தரம் செருகி இழுத்ததில் கோடுகளில் இருந்த நீறு உரஞ்சிப் போயிருக்கிறது.

மனுசியிடம் சொன்னேன். என் பயத்தையும் சொன்னேன். வேலை போகும் என்பது ஒரு பயம். அதைவிட, ‘நெற்றியில் சாம்பல் பூசுகிறவன் மெஷினைக் கெடுத்தான்’ என்று அங்கே சொல்லிச் சிரிப்பார்களே, திருநீற்றுக்கு அந்த அவமானம் என்னால் வர வேண்டுமா என்பது பெரிய பயம். சொல்லச் சொல்ல அது நல்ல நியாயம் மாதிரியே இருந்தது.

அவள் மாக் குழைத்த கையோடு நின்று கேட்டாள். பிறகு சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு பிள்ளையின்ர சோத்தைப் பறிக்கவோ திருநீறு பூசுறது?"

ரொட்டியைத் தட்டத் தொடங்கிவிட்டாள்.

புதன் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டேன். கதவுத் திறப்பு ஒன்று என்னிடமும் இருந்தது. அந்த அம்மாவின் கசெற் இன்னும் ஒருவரும் தொடாமல் மேசையில் இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தேன். தங்கக் கோடுகளுக்கு நடுவில் சாம்பல் நிறமாக ஒரு மெல்லிய படை, அதில் என் பெருவிரல் அழுத்திய தடம் கூடத் தெரிந்தது.

பக்கத்தில் பஞ்சுக் குச்சி, அதன் பக்கத்தில் துடைக்கிற அல்ககோல் போத்தல். ஒரே ஒரு துடைப்பு. பதினொன்றில் பத்து ஏற்கெனவே உரஞ்சிச் சுத்தமாகிவிட்டன. இதையும் துடைத்துவிட்டால் இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. இனிமேல் கவனமாக இருந்தால் பிழை திரும்பவும் வராது, தாஸ் போனதோடு பிழையும் போனது என்று எல்லாரும் சொல்வார்கள். இது எல்லாம் அரை நிமிடத்துக்குள் எனக்குள் ஓடியது. நான் நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. குச்சியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அப்போது கதவு திறந்து மிஸ்டர் லாவ் பனிச் சப்பாத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முருகன்தான் அவரை அந்த நேரத்துக்கு அனுப்பினான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, சேர், பிழை தாஸுடையது இல்லை, என்னுடையது என்றேன்.

அவர் மேலங்கியைக் கழற்றவில்லை. "காட்டு" என்றார்.

கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். எங்கள் சமயத்தில் நெற்றியில் பூசுகிற புனிதச் சாம்பல் என்றேன். எதை எரித்தது என்றார். பசுவின் சாணம் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"இதில் மின்சாரம் பாயுமா?"

தெரியாது என்றேன். என் சேர்ட் பைக்குள் எப்போதும் தாளில் மடித்த ஒரு சரை திருநீறு இருக்கும். அதை வாங்கிக் கொஞ்சம் ஒரு தட்டில் கொட்டி மீற்றரின் இரண்டு முனையையும் வைத்தார். ஊசி அசையவில்லை. மூன்று தரம் வைத்தார்.

"நல்லது," என்றார். "பாய்ந்திருந்தால் பத்துப் பேருடைய லப்ரொப்பை எரித்திருப்பாய்."

பிறகு சுத்தமான கசெற் ஒன்றைத் தந்து, சஷ்டி நாளில் செய்தபடியே செய்யச் சொன்னார். தண்ணீரில் குழைத்துப் பூசி, காயவிட்டு, கையுறையோடு தொட்டு, கசெற்றைப் பிடித்துச் செருகினேன். மஞ்சள் விளக்கு பச்சையாகவில்லை. துடைத்தோம், பச்சை. திரும்பவும் பூசினோம், மஞ்சள். மூன்றாவது தரமும் மஞ்சள் வந்தபோது அவர் கொப்பியைத் திறந்து எழுதினார். என் பிழையை என் கையாலேயே மூன்று தரம் செய்து காட்டி, அது மூன்று தரமும் சரியாக வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

எழுதி முடித்துவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். இதைப் பூசாமல் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார். இரவு முழுவதும் நான் பயந்திருந்த கேள்வி அது. ஏலாது சேர் என்றேன்.

"அப்படியென்றால் தொடாதே," என்றார். பேனையை எடுத்து, சுவரில் இருந்த தாளில் ஏழாவது வரியை எழுதினார். அதில் திருநீறு என்றோ, சமயம் என்றோ, என் பெயரோ ஒன்றும் இல்லை.

தாஸ் வந்ததும் மிஸ்டர் லாவ், "வா, என் பங்கை நான் சொல்கிறேன், உன் பங்கை நீ சொல்" என்று என்னைத் தாஸிடம் கூட்டிக்கொண்டு போனார். கண்ணால் காணாததை வைத்து முடிவெடுத்துவிட்டேன், அது என் பிழை, வெள்ளிக்கிழமை பற்றிச் சொன்னதை மறந்துவிடு என்றார். பிறகு நான் சொன்னேன். கலண்டரைச் சொன்னேன், குச்சியை எடுத்ததைச் சொன்னேன், மிஸ்டர் லாவ் கேட்டபோது நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அதைத்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

தாஸ் கசெற்றைக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உது உங்கட பெருவிரலோ அண்ணை?"

"ஓம்."

"நல்ல வடிவா விழுந்திருக்கு," என்றார். அவ்வளவுதான். அன்று முழுவதும் என்னோடு பகிடி விடவில்லை. வேலை போகவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டீரா என்று நான் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார். "ரெண்டு தரம் சரிவந்திட்டுது எண்டு நினைச்சு ஏமாந்தாச்சு. அந்த அம்மாவின்ர மெஷின் கதைக்கட்டும். பிறகு சொல்லுறன்."

அந்த அம்மாவின் இரண்டு கசெற்றையும் தாஸே துடைத்தார். கண்ணை மூடிச் சோதித்தார். பையில் போட்டு ஒட்டுவதை மட்டும் என்னிடம் தந்தார். புதுக் கையுறை போட்டு, கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போகாமல், உள்ளுக்குள் முருகா முருகா என்று சொல்லி ஒட்டிக் கொடுத்தேன், அன்றே அனுப்பிவிட்டோம்.

வெள்ளி மத்தியானம் அந்த அம்மா தொலைபேசி எடுத்தார். மிஸ்டர் லாவ் ஒலிபெருக்கியில் போட்டார். அந்த அம்மா தொலைபேசியை மெஷினுக்குக் கிட்டப் பிடித்திருக்க வேண்டும். அந்த உணர்ச்சியில்லாத மெஷின் குரல் அவருடைய கடிதம் ஒன்றை வாசித்துக்கொண்டே போனது. பேர்த்திக்குப் பல் முளைக்கிறது என்று ஏதோ வந்தது. பிறகு அவர் குரல் வந்தது. இரண்டு கசெற்றிலும் பத்துப் பத்துத் தரம் போட்டுப் பார்த்தேன், இருபது தரமும் பேசியது என்றார். மிஸ்டர் லாவ் என்னையும் தாஸையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நன்றி அம்மா என்று வைத்தார்.

அன்று பின்னேரம் கெனடி வீதி பஸ்ஸில் நானும் தாஸும் ஒரே இருக்கையில் இருந்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சே இராது," என்றார்.

"அதுதான் தம்பி எனக்குப் பயம். உமக்குத் தெரியாமலே நான் உம்மோட சிரிச்சுக் கதைச்சிருப்பன்."

அவர் முழங்கையால் என்னை ஒரு இடி இடித்தார். "சரி, விடுங்கோ. அடுத்த சஷ்டிக்கு நீங்கள் லீவு எடுங்கோ. ஆறு நாளும் நான் பாக்கிறன்." அவர் சொன்னபடியே, அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு சஷ்டிக்கும் என் மேசையைத் தாஸ்தான் பார்த்தார்.

அதன் பிறகு தொலைபேசியை எடுத்தார். மதி வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். அவள் எடுத்ததும் பிள்ளையை யாரிடமோ விடுவதற்குக் கதைத்துவிட்டதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லு," என்றார் தாஸ். "நீ வேலைக்குப் போ. இரவில பிள்ளையோட நான் நிப்பன்."